முடிச்சுப் போட்ட பைகள்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள மாநகர, நகர, பிரதேச சபைகளின் முதல்வருக்கும் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் பிறந்து வளர்ந்தவன். கிழமை நாட்களில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஆறு மணிக்கு, வாவிக்கரையில் குப்பை பொறுக்குகிறேன். என்னோடு பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர், ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர், வாவியில் வலை வீசிப் பிழைக்கிற ஒருவர், கல்யாணம் முடிந்த கிழமையே புதுப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பி. எங்களுக்குப் பெயர் இல்லை, பதிவு இல்லை, ஒரே நிறத்தில் பனியன் இல்லை. வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது, அவ்வளவுதான்.

இடம் கல்லடிக்கும் ஆரையம்பதிக்கும் நடுவில் என்று மட்டும் சொல்கிறேன். இன்னும் கிட்டச் சொன்னால் எந்தச் சபை என்று தெரிந்துவிடும். தெரிந்தால் மற்றச் சபைக்காரர் எல்லோரும் "அது நமக்கில்லை" என்று மடலை மடித்து வைத்துவிடுவீர்கள். ஆளைக் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. எல்லோருக்குமாகத்தான் எழுதுகிறேன்.

ஏன் எல்லோருக்கும் என்று கேட்பீர்கள். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் இந்த வாவி 56 கிலோமீற்றர் நீளம். அதன் கரையில் எத்தனை சபைகளின் எல்லை வந்து முடிகிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லைக் கல் கரையோடு நின்றுவிடுகிறது. தண்ணீருக்குள் யாரும் கல் நடவில்லை.

கச்சான் அடிக்கிற மாதங்களில் எங்கள் கரைக்கு வந்து பாருங்கள். மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் மிதக்கிற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் காலடியில் ஒதுக்கும். யோகட் கோப்பை, சோடாப் போத்தல், அறுந்த தங்கூசி வலை, செருப்பு. செருப்பு எப்போதும் ஒற்றையாகத்தான் வரும், சோடியாக ஒருநாளும் கண்டதில்லை. வாடை தொடங்கினால் கணக்குத் திரும்பிவிடும். எங்கள் கரையில் எறிந்தது அங்காலே போகும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும்போது தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை, இரண்டு கரைக்கும் நடுவில் குப்பை ஊஞ்சல் ஆடும். மாரியில் வெள்ளம் வயலை மூடப் பார்த்தால் முகத்துவாரத்தை வெட்டி விடுவார்கள். அப்போது உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் பக்கத்து வெள்ளம் மிதக்கிற ஆற்றுவாழைச் செடியை அள்ளிக்கொண்டு வரும், அதற்குள் சிக்கிய பொலித்தீனையும் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோகும். "ஆறு கழுவிப் போச்சு" என்று ஊரில் சந்தோஷப்படுவார்கள் (வாவியை ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம்). இரண்டு நாள் கழித்துக் கல்லடிக் கடற்கரையில் போய்ப் பாருங்கள், போனது எங்கே போனது என்று தெரியும்.

சரி, நடந்ததற்கு வருகிறேன்.

போன வருஷம் ஐப்பசி. மாரி இறங்குவதற்கு முன் ஒருதரம் பெரிசாகச் செய்வோம் என்று நினைத்தோம். வழக்கமாக எங்களுக்கு நாலு சாக்கு, ஐந்து சாக்குச் சேரும். அதை ஒருவருடைய முச்சக்கரவண்டியில் ஏற்றிப் பிரதான வீதிக்குக் கொண்டுபோய், ட்ரக்டர் வருகிற நாளில் கொடுத்துவிடுவோம். அந்த ஞாயிறு அயலவர்களும் இறங்கிவிட்டதில் நாற்பதுக்கு மேல் உரப்பை நிரம்பியது. முன்கூட்டியே ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருந்தோம். "திங்கள் காலை ட்ரக்டர் வரும், கரையில் அடுக்கி வையுங்கள்" என்றார்கள். வாயைக் கயிற்றால் இறுக்கி, மதில் கட்டுவதுபோல வரிசையாக அடுக்கினோம். பார்க்க வடிவாகக்கூட இருந்தது.

திங்கள் வரவில்லை. செவ்வாய் போன் எடுத்தோம், டிரைவர் லீவு என்றார்கள். புதன் இரவு நாய்கள் நாலைந்து பையைக் கிழித்துவிட்டன. வியாழன் காலை கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன், வானம் கறுத்துக் கிடந்தது. பின்னேரம் பிடித்த மழை விடியும்வரைக்கும் விடவில்லை. வெள்ளிக்கிழமை கரையில் மிஞ்சியிருந்தது ஒன்பது பை. மற்றவை எல்லாம் தண்ணீரோடு போய், பாதி கண்டல் மரங்களுக்குள் சிக்கி, வாய் திறந்து கிடந்தன.

அத்தாங்கு என்கிற கைவலையோடு இறால் பிடிக்க வருகிற அம்மா ஒருவர் அன்றைக்கு அந்தப் பக்கம் நின்றார். "ஏன் மனே இவ்வளவு பாடுபட்டீங்க? முந்தி ஒவ்வொண்டா வரும், எடுத்து அங்கால போடுவன். இப்ப மூட்டையா வருகுது." எனக்குப் பதில் சொல்ல ஒன்றும் வரவில்லை.

அந்தக் கோபத்தில் போய்ச் சட்டம் படித்தேன். (கணக்கு எழுதுகிறவன் சட்டம் படித்தால் பிரிவு இலக்கம்தான் மனதில் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 93, 94, 95. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் 129, 130, 131. நகர சபைகளுக்கு 118 முதல் 120 வரை. மூன்றிலும் சொல்வது ஒன்றுதான். குப்பையை அகற்றுவது சபையின் கடமை, அதைக் கொண்டுபோய்ப் போட இடம் பார்ப்பதும் சபையின் வேலை. நடுவில் இருக்கிற பிரிவுதான் எனக்குப் பிடித்தது: சேகரித்த குப்பை சபையின் சொத்து. அப்படியென்றால் அன்றைக்கு மழை கொண்டுபோன முப்பது சொச்சம் சாக்கும் ஒரு சபையின் சொத்து. சபை சேகரித்தால்தானே சபையின் சொத்து என்று சட்டத்தரணி யாராவது மறிப்பார். சரி, சேகரிக்க வராததும் சபைதானே.

ஆனால் இந்த மடலை எழுதவைத்தது அந்த மழை இல்லை.

மிஞ்சிய ஒன்பது பையையும் கொட்டி மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது தபாற்கார ஐயா சொன்னார்: "தம்பி, இதுகளை ஒள்ளுப்பம் பாருங்க. எல்லாத்துலயும் முடிச்சு." சொப்பிங் பைகள். இரண்டு காதையும் இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை முடிச்சு. ஒன்றை அவிழ்த்தோம். தேங்காய்ப்பூச் சக்கை, மீன் செதில், வெங்காயத் தோல், ஒரு பம்பர்ஸ், நாலு ஷாம்பு பக்கற், அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒரு தாள். அதில் 7 தர 8 சமன் 54 என்று எழுதி, சிவப்பு மையால் வெட்டியிருந்தது. அந்தத் தாள் சேறு படாமல் அப்படியே இருந்தது, அவ்வளவு இறுக்கமான முடிச்சு.

இது கச்சான் கொண்டுவந்த குப்பை இல்லை. சுற்றுலா வந்தவன் எறிந்ததும் இல்லை. ஐம்பது யார் தூரத்தில் ஒரு குசினியிலிருந்து வந்தது.

எறிகிறதற்கு யாராவது இரட்டை முடிச்சுப் போடுவார்களா? நாய் இழுக்கக்கூடாது, மணக்கக்கூடாது, எடுக்க வருகிற ஆளின் கையில் ஊத்தை படக்கூடாது என்று நினைக்கிற கைதான் அப்படி முடிச்சுப் போடும். கொடுப்பதற்காகக் கட்டி வைத்த பை அது. வாங்க ஆள் வரவில்லை. இரண்டு நாள் வாசலில் இருந்திருக்கும், மூன்றாம் நாள் மீன் செதில் நாற்றத்தில் வீட்டில் சண்டை வந்திருக்கும். இருட்டினபிறகு ஒழுங்கையின் முடிவு வரைக்கும் நடந்துபோய், யாரும் பார்க்கிறார்களா என்று கிறுகிப் பார்த்து, ஒரு வீச்சு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீடும் அப்படி ஓர் ஒழுங்கையில்தான். என் வீட்டில் யார் அப்படிப் போனார்கள் என்று இங்கே எழுதினால் இன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்காது.

அதற்குப் பிறகு ஒரு கொப்பி போட்டோம். ஒழுங்கை முடிகிற இடங்களில் குவிகிற குப்பையைத் தனியாக எண்ணினோம். பாதிக்கு மேல் முடிச்சுப் பைகள்தான். எங்கள் கரையின் கணக்கு இது, மாவட்டத்துக்கே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கரையில் நீங்களும் ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.

ட்ரக்டர் ஏன் ஒழுங்கைக்குள் வருவதில்லை என்று ஒரு டிரைவரிடமே கேட்டோம். அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "அண்ணன், பின்னால பெட்டியோட உள்ளுக்கு விட்டா கிறுக்கித் திருப்ப இடமில்ல. ரெண்டு பக்கமும் மதில், முன்னால ஆறு. றிவேஸ்லதான் வரோணும். ஒரு ஒழுங்கைக்கு இருவது நிமிசம் போனா மத்த வட்டாரத்த மறுகா எப்ப எடுக்கிற?" நான் கடையில் இருந்து அளவு நாடா கொண்டுபோய் அளந்தேன். எங்கள் ஒழுங்கை ஒரு இடத்தில் எட்டடிதான் வருகிறது. அவர் சொன்னதில் பொய் இல்லை. பிரதான வீதியில் ஹோர்ன் சத்தம் கேட்டு, கரைப்பக்கத்து வீட்டுக்காரி பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் ட்ரக்டர் அடுத்த சந்தியில் நிற்கும். வயதான மனிசர் என்றால் அதுவும் இல்லை.

ஆக, குறை டிரைவரிலும் இல்லை, கரைப்பக்கத்து வீட்டுக்காரியிலும் இல்லை. கிறுக்க இடமில்லாத பெட்டியில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது என்பதுதான் வெட்கம்.

பிறகு ஒரு வேலை பார்த்தோம். எங்கள் கடையில் சீமெந்து ஏற்றுகிற பழைய தள்ளுவண்டி ஒன்று சும்மா கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கினோம். உயர்தரப் பிள்ளைகளில் ஒருவன் செவ்வாயும் வெள்ளியும் காலையில், ட்ரக்டர் வருவதற்கு அரை மணி முன்பு, ஒரே ஓர் ஒழுங்கையில் மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சில்லுக் கிரீச்சிடுகிற சத்தத்துக்கே கதவு திறந்தது. பையை வாங்கிப் பிரதான வீதியில் ட்ரக்டருக்குக் கொடுத்தான். மூன்றாம் கிழமை அந்த ஒழுங்கையின் முடிவில் நாங்கள் பொறுக்கப் போனபோது புதிதாக ஒரு முடிச்சுப் பைகூட இல்லை. இது ஆய்வு இல்லை, ஓர் ஒழுங்கையும் ஒரு பொடியனும் ஒரு வண்டியும்தான். இரண்டரை மாதம் நடந்தது. அப்புறம் அவனுக்குப் பரீட்சை வந்துவிட்டது. அவன் நின்ற இரண்டாம் கிழமை முடிச்சுகள் திரும்பி வந்தன.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். தண்ணீரில் போய் முடிகிற ஒழுங்கைகளுக்கு மட்டும், கிழமையில் இரண்டு நாள், ட்ரக்டருக்கு அரை மணி முன்னால் ஒரு தள்ளுவண்டி. வசதியுள்ள சபை என்றால் பட்டா மாதிரிச் சின்ன லொறி. நாளும் நேரமும் மாறக்கூடாது. வராத நாளில் வர மாட்டோம் என்று முதல் நாளே சொல்ல வேண்டும், அந்த வீடுகளில் எல்லோரிடமும் போன் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் இப்படி எத்தனை ஒழுங்கை என்று உறுப்பினர் ஒருவர் ஒரு பின்னேரம் நடந்தாலே எண்ணிவிடலாம். சிரமதானத்துக்கு அனுமதி கேட்டு யாராவது வந்தால், ட்ரக்டருக்கு நாள் குறிக்காமல் சிரமதானத்துக்கு நாள் கொடுக்காதீர்கள். அன்றைக்கே ஏற்ற முடியாதென்றால் எங்களைப் பொறுக்கவே விடாதீர்கள். சிதறிக் கிடக்கிற குப்பையைவிடக் கட்டி வைத்துக் கைவிட்ட குப்பை மோசம். அத்தாங்குக்கார அம்மா சொன்னது அதைத்தான்.

"முதலில் சனம் திருந்தோணும்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள் என்று தெரியும். கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். "மீன்பாடும் தேன்நாடு" என்று மட்டக்களப்பைப் புகழ்ந்து தொடங்கி, சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை என்று முடிகிற பேச்சு. இரட்டை முடிச்சுப் போடுகிற மனிசருக்கு இதற்கு மேல் என்ன விழிப்புணர்வு ஊட்டப் போகிறோம்? தண்டம் அடிப்பதென்றால் அடியுங்கள், ஆனால் இரவில் கோழிக்கடைக் கழிவைச் சாக்கோடு கொண்டுவந்து பாலத்தடியில் இறக்குகிறவரிடம் தொடங்குங்கள். அந்தச் சாக்கில் முடிச்சு இருக்காது.

தடைகளைப் பற்றியும் ஒரு சொல். 2017 செப்டெம்பரில் சோறு கட்டுகிற லஞ்ச் சீட்டையும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் தடை செய்தார்கள். 2021 மார்ச் கடைசியில், உணவும் மருந்தும் தவிர, 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சின்னப் பக்கற்றுகளையும் தடை செய்தார்கள். எங்கள் சாக்குகளுக்கு அந்த வர்த்தமானி இன்னும் வந்து சேரவில்லை. கோயில் அன்னதானம், தேவாலயத் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி, எது முடிந்தாலும் கோப்பை வந்து சிக்குவது ஒரே கண்டலில்தான்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய புதிதில் பொறுக்கியதைக் கரையிலேயே குவித்துக் கொளுத்தினோம். பொலித்தீன் உருகி மண்ணோடு ஒட்டிக் கறுப்பாய் இறுகிய ஓர் அடை இன்றைக்கும் அந்த இடத்தில் இருக்கிறது, மண்வெட்டிக்கும் அசையாது. கண்ணா மரங்களுக்குக் கீழேயும் கெடுதல் செய்தோம். அதன் மூச்சுவேர் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்ததுபோல வரிசையாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பொலித்தீன் அதைச் சுற்றி, வெயிலில் காய்ந்து, உறைபோல இறுகிவிடும். நாங்கள் பிடித்து இழுத்தோம். பையோடு வேரும் முறிந்து வந்தது. வலை வீசுகிற அண்ணன்தான் ஒருநாள் சத்தம் போட்டார்: "மரம் மூச்சு விடுறதே அதாலதான். இறால் குஞ்சு ஒதுங்கிறதும் அதுக்குள்ளதான். நீங்க துப்புரவாக்கிறீங்களோ, அழிக்கிறீங்களோ?" இப்போது கத்தரிக்கோல் கொண்டுபோகிறோம். நறுக்கி, உரித்து எடுக்க வேண்டும். ஒரு மரத்தடியை முடிக்க இரண்டு பேருக்கு ஒரு காலை போய்விடும். கரையில் மண்ணைத் தோண்டி எடுக்கிற பெக்கோ வேலைக்கு இது சரிவராது. அப்படி ஒரு திட்டம் யாரிடமாவது இருந்தால், கண்டல் நிற்கிற இடத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

பதாகையும் வேண்டாம். ஒருதரம் பெரிய மனிசர்கள் சிலர் வந்து எங்களோடு கொஞ்ச நேரம் பொறுக்கினார்கள். கையுறை புதுசு, சப்பாத்துப் புதுசு. நல்ல மனிசர்கள்தான், குனிந்துதான் பொறுக்கினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். சின்னச் சின்னத் தண்ணீர்ப் போத்தலும் பொலித்தீனில் சுற்றிய றோல்ஸும் பகிர்ந்தார்கள். "வாவியைக் காப்போம்" என்ற பிளெக்ஸை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டி, படம் எடுத்துப் போனார்கள். யாரும் அதை அவிழ்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் காற்றில் கிழிந்து தண்ணீருக்குள் விழுந்து கிடந்ததை நாங்கள்தான் எடுத்தோம். "வாவியைக்" என்ற பாதி மட்டும் கிடைத்தது. "காப்போம்" எங்கே போனதென்று தெரியவில்லை.

காசு இல்லை என்று சொல்வீர்கள், அதை நம்புகிறேன். கணக்கு எழுதுகிறவனுக்கு அது விளங்கும். ஆனால் ஒரு தள்ளுவண்டியின் விலை எங்கள் கடையில் எவ்வளவு என்று எனக்கு நன்றாகத் தெரியும், பிளெக்ஸ் அடிக்க எவ்வளவு என்றும் விசாரித்துவிட்டேன். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதி, கேட்கிற சபைக்கு அனுப்பித் தருகிறேன். தள்ளுகிற ஆளுக்குச் சம்பளம்தான் உண்மையான செலவு. கரையோர வீடுகளில் வேலை தேடிக்கொண்டிருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், காலையில் இரண்டு மணித்தியால வேலை. அந்த ஒழுங்கைக்காரரையே வைத்தால் எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறார், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இன்னும் இரண்டு மாதத்தில் மாரி. இந்த முறையும் அதற்கு முன் பெரிசாக ஒருநாள் இறங்கப் போகிறோம், புரட்டாதி கடைசி ஞாயிறு, காலை ஆறு மணி. கடிதம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், கொடுத்த இடத்துக்குத் தெரியும். ட்ரக்டர் ஒழுங்கைக்குள் வரத் தேவையில்லை. பிரதான வீதியில், அரச மரத்தடியில், பத்து மணிக்கு நின்றால் போதும். உள்ளேயிருந்து நாங்களே தள்ளிக்கொண்டு வந்து ஏற்றிவிடுவோம், வண்டிச் சில்லுக்கு இந்த முறை எண்ணெயும் விட்டிருக்கிறோம். டிரைவருக்கும் உதவிக்கு வருகிறவருக்கும் பிளேன் டீயும் பணிசும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
எழுவான்கரையிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைக்காரரில் ஒருவன்